அச்சில் வராத முப்பத்தோரு வரிகள்

பிப்ரவரி 3, 1988. புதன்

டெமோ முடிந்தது. மில் மேனேஜர் தேவராஜன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் முதலாளி சென்னியப்பன் சார் நாலு மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

நாங்கள் செய்திருப்பது ஒரு நீலப் பெட்டி. நூல் மில்லில் மிஞ்சும் கழிவுப் பஞ்சை அமுக்கிப் பொதியாக்கும் பிரஸ்ஸை இனி இந்தப் பெட்டிதான் ஓட்டும். கதவை மூடிப் பட்டனை அழுத்தினால் மேலிருந்து இரும்புத் தட்டு இறங்கிப் பஞ்சை நசுக்கும். கதவு திறந்திருந்தால் இறங்கக் கூடாது. எப்போது இறங்கலாம், எப்போது கூடாது என்று சொல்வது சிப்புக்குள் இருக்கும் அசெம்பிளி ப்ரோகிராம். அது என் வேலை. ஒயர், ரிலே, சாலிடர் எல்லாம் பெனடிக்ட் வேலை. தூத்துக்குடிக்காரர். பேச்சு குறைவு, டீ அதிகம்.

நடுவில், பெஞ்சில் மாட்டியிருந்த கதவு சுவிட்ச் மக்கர் செய்தது. மூடிய கொஞ்ச நேரத்தில் திறந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தட்டுக்குப் பதிலாக வைத்திருந்த பச்சை விளக்கு இரண்டு தடவை எரியாமல் மானத்தை வாங்கியது. எல்லோரும் மோர் குடிக்கப் போன கால் மணி நேரத்தில் சமாளித்தேன்.

ஹாஸ்டலில் சேமியா உப்புமா. அதையும் சமாளித்தேன்.

பிப்ரவரி 4. வியாழன்

மில்லுக்குப் ப்ரோகிராமின் லிஸ்டிங்கை அச்சடித்து, பைண்டு செய்து கொடுக்க வேண்டுமாம். அசெம்பிளர் என் வரிகளைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றும்போதே இந்த லிஸ்டிங்கையும் போட்டுத் தரும். இடது ஓரத்தில் அந்த வரி சிப்பில் இருக்கும் இடத்தின் அட்ரஸ், அடுத்து எண்கள், வலப்பக்கம் நான் எழுதிய வரி, அதன் வாலில் குறிப்பு. அப்படியே அடித்தால் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிரிண்டர் சத்தம் கேட்டுப் பக்கத்து லேத் பட்டறைக்காரரே வந்து எட்டிப் பார்த்து, "என்னங்க ஓட்டறீங்க?" என்று கேட்டார். லேத் ஓட்டுகிறவர் கேட்கிற கேள்வியா அது.

பக்கங்களும் பார்க்கச் சகிக்கவில்லை. முக்கியமான இடத்தில் பக்கம் உடைகிறது. ஒற்றை வரியாக இருக்க வேண்டியது பத்து வரியாக விரிகிறது. காலையிலிருந்து உட்கார்ந்து சரிசெய்தேன். அசெம்பிளருக்கென்றே சில சொற்கள் இருக்கின்றன. டைட்டில் என்று போட்டால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயர் வரும். எஜெக்ட் என்றால் அடுத்த பக்கத்துக்குத் தாவும். நோலிஸ்ட் என்றால் இங்கிருந்து அச்சடிக்காதே. லிஸ்ட் என்றால் மறுபடி ஆரம்பி. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வரிகள் சிப்புக்குப் போகும், காகிதத்துக்கு வராது. என்ன ஒரு வசதி! நம் உறவுக்காரர்களில் சிலருக்கும் இப்படி ஒரு சொல் இருந்தால் கல்யாணப் பத்திரிகை அடிப்பது சுலபமாக இருக்கும்.

எண் அட்டவணைகளை மறைத்தேன். ஓரிடத்தில் ஒரு முப்பத்தோரு வரி பார்க்க அழகாயில்லை, அதையும். மொத்தம் ஐம்பத்தெட்டே பக்கம். நீலக் காலிகோத் துணி அட்டை, பொன் எழுத்து. முதலாளி வாங்கி முகர்ந்து பார்த்தார்.

பிப்ரவரி 8. திங்கள்

மில்லில் பெட்டியைப் பொருத்தினோம். கழிவுப் பஞ்சு அறைக்குள் போனால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் வயதாகிவிடுகிறது. தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. பெனடிக்ட்டைப் பார்த்து அவருடைய தாத்தாவுக்கு வணக்கம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தும்மினார்.

பிரஸ்ஸில் வேலை செய்வது மாராத்தாள் என்ற அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினாலு வருஷமாக அதே பிரஸ்தான். நான் அக்கா என்றேன், அவர் என்னை அம்மிணி என்றார். பழைய பிரஸ்ஸில் நெம்புகோலைப் பிடித்திழுத்துத் தோள்பட்டை இறங்கிப்போனதாம். இது பட்டனை அழுத்தினால் போதும் என்று காட்டினேன். ஒரு தடவை அழுத்தினார், தட்டு இறங்கியதும் "அட" என்றார், அவ்வளவுதான்.

அவர் கட்டுகிற பொதியைப் பார்க்க வேண்டும். நாலு பக்கமும் கத்தி வைத்து வெட்டியதுபோல இருக்கிறது. ஒரு நுனி பஞ்சுகூட வெளியே தொங்காது. இதற்காகக் கையில் ஒரு இரும்புக் கொக்கி வைத்திருக்கிறார். வாலாகத் தொங்கும் பஞ்சை அதால் உள்ளே தள்ளிவிடுவார். என் கட்சி ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவிட்ச் புதிது. ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. பெட்டிக்குச் சீல் வைத்தாகிவிட்டது.

பிப்ரவரி 9. செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. தலைக்குக் குளிக்கவில்லை. பஞ்சு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 13. சனி

ரூம்மேட் ஷகிலா பூகோள டீச்சர். ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறாள். சிறுவாணி ஆறு இமயமலையில் உற்பத்தியாவதாக ஒரு பெண் எழுதியிருக்கிறாளாம். அரை மார்க் போட்டிருக்கிறாள். ஏன் என்றதற்கு, மலையில் உற்பத்தியாகிறது என்பது வரைக்கும் சரிதானே என்றாள்.

அடுத்த வாரம் மில்லுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஒன்றுமில்லை, ஒரு சின்ன வேலை. முதலாளியிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 17. புதன்

மில்லிலிருந்து போன். நேற்று மத்தியானம் கதவு திறந்திருக்கும்போதே தட்டு இறங்கிவிட்டதாக மாராத்தாள் சொல்கிறாராம். யாருக்கும் அடியில்லை. மேனேஜர் நம்பவில்லை. மற்ற இரண்டு ஷிப்டிலும் ஆட்கள் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு ஒரு நாளும் இப்படி ஆனதில்லையாம்.

முதலாளி பைண்டின் அலுவலகப் பிரதியை மேஜைமேல் வைத்து, வரிவரியாகப் பார்க்கச் சொன்னார். நானும் அவரும் உட்கார்ந்து ஐம்பத்தெட்டுப் பக்கமும் பார்த்தோம். பட்டன் அழுத்தினதும் 'கதவு' என்ற ரொட்டீனை, அதாவது துணை ப்ரோகிராமைக் கூப்பிடு, மூடியிருந்தால் மட்டும் மேலே போ என்று தெளிவாக இருந்தது. குறிப்பிலும் 'கதவு சரியா பார்' என்று நானே எழுதியிருக்கிறேன். முதலாளிக்கு அசெம்பிளி தெரியாது, ஆனால் குறிப்புகளைப் படித்தார். "பாக்குதுங்களே" என்றார். பார்க்கிறது என்றேன்.

பிப்ரவரி 18. வியாழன்

மில்லுக்குப் போனேன். மாராத்தாக்காவைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து முற்றம் கூட்டப் போட்டிருக்கிறார்கள். கொக்கியை உள்ளே மறந்து வைத்துவிட்டு இயந்திரத்தின்மேல் பழி போடுகிறார், தட்டையும் கெடுத்துவிட்டார் என்று மெமோ. வரும் இருபத்தைந்தாம் தேதி விசாரணை. தப்பு நிரூபணமானால் வேலை போய்விடும்.

விளக்குமாற்றை வேப்பமரத்தில் சாத்திவிட்டு, முந்தானையிலிருந்து அந்தக் கொக்கியை எடுத்துக் காட்டினார். விரல் பருமன் இரும்பு, பாதியில் மடங்கி வில்லாகியிருந்தது. கதவை மூடிப் பட்டனை அழுத்தினாராம். அப்புறம்தான் இடுக்கில் ஒரு வால் பஞ்சு தொங்குவதைப் பார்த்தாராம். பழைய பிரஸ்ஸில் செய்வதுபோலச் சட்டென்று கதவைத் திறந்து கொக்கியை விட்டிருக்கிறார். தட்டு வந்துவிட்டது. கையைப் பின்னால் இழுத்ததில் நாலு வளையல் உடைந்ததோடு போயிற்று.

"கதவு தொறந்திருந்துச்சுங் அம்மிணி," என்றார். "பொய் சொல்லி எனக்கு என்னுங் ஆகப்போவுது?"

மற்ற ஷிப்டு ஆட்கள் பொதியில் வால் தொங்கினால் தொங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். பட்டனை அழுத்தினபின் கதவைத் திறந்து சரிசெய்கிறவர் அந்த மில்லிலேயே இவர் ஒருவர்தான்.

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். பார்க்கிறேன் என்று சொன்னேன். எதைப் பார்ப்பேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 19. வெள்ளி

பெனடிக்ட் பைண்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் மேஜையில் வைத்துப் படித்தார். அவர் பின்பக்கத்திலிருந்து படிக்கிறவர். கடைசிப் பக்கத்தில், ப்ரோகிராமில் உள்ள எல்லாப் பெயர்களையும் அசெம்பிளர் வரிசையாக அடுக்கி அட்ரஸ் போட்டிருக்கும். அதையும் அச்சடிக்காமல் அடக்க ஒரு சொல் இருக்கிறது. நான்தான் போடாமல் விட்டுவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் 'கதவு' என்று ஒரு பெயர் இருக்கிறதே, உள்ளே அந்த ரொட்டீனை எங்கேயும் காணோமே என்று கேட்டார். பத்தொன்பதாம் பக்கத்தில் அட்ரஸும் ஒரே தாவாகத் தாவுகிறதாம்.

அது அட்டவணை, இடத்தை அடைக்கும் என்று அச்சிலிருந்து எடுத்தேன் என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பிப்ரவரி 20. சனி

ஷகிலாவோடு சினிமா. என்ன படம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இடைவேளையில் பப்ஸ் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 22. திங்கள்

முதலாளி ஒரு கடிதம் தயார் செய்யச் சொன்னார். 'கதவு திறந்த நிலையில் தட்டு இறங்க இந்தப் ப்ரோகிராமில் வழியே இல்லை. இணைப்பு: முழு லிஸ்டிங்.' ப்ரோகிராம் எழுதினவள் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை விசாரணையில் மேனேஜர் இதைக் காட்டுவார். லிஸ்டிங்கே சாட்சி.

டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை, திரும்ப அடித்தேன். மார்ஜின் கோணலாக இருந்தது, இன்னொரு தடவை. நாலாவது பிரதி அப்பழுக்கில்லாமல் வந்தது. பேனாவில் மை இல்லை, கையெழுத்து நாளைக்கு.

ஹாஸ்டலில் ஷகிலா என் மேஜையில் ஏதோ தேடியவள், பேனா நிறைய மை இருக்கிறதே என்றாள்.

பிப்ரவரி 23. செவ்வாய்

பெனடிக்ட் காலையில் என் மேஜைக்கு வந்தார். பைண்டைத் திறந்து பதினெட்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். 'கால் கதவு' என்ற வரி. கால் என்றால், அங்கே போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வா என்று அர்த்தம்.

"அட்டவணையை யாராச்சும் கால் பண்ணுவாங்களா வசுமதி?" என்றார்.

 டீ குடிக்கக்கூடப் போகவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதுதான் தாங்கவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். கதவு ரொட்டீன் செய்ய வேண்டியது இது. கதவு மூடியிருக்கிறதா என்று சுவிட்சைக் கேட்கும். ஆம் என்றால் எண்ணெய்க்கு அழுத்தம் ஏற அரை விநாடி காத்திருக்கும். பிறகு இன்னொரு தடவை கேட்கும். இரண்டு தடவையும் ஆம் வந்தால்தான் தட்டு இறங்கலாம். இறங்க ஆரம்பித்தபின் பஞ்சின் அழுத்தத்தில் கதவை யாராலும் திறக்க முடியாது, ஆகவே அதற்குப் பிறகு கேட்கத் தேவையில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். டெமோ அன்றைக்குப் பெஞ்ச் சுவிட்ச் இரண்டாவது கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் மோர் குடிக்கப் போனபோது, இரண்டாவது கேள்வியின் மூன்று வரிகளுக்கும் முன்னால் ஆளுக்கொரு அரைப்புள்ளி போட்டேன். அரைப்புள்ளி போட்ட வரியை அசெம்பிளர் தாண்டிப் போய்விடும். புதுச் சிப்பில் ஏற்றி மாட்டினேன். விளக்கு எரிந்தது. கை குலுக்கினார்கள்.

அரைப்புள்ளி போட்ட வரிகள் பைண்டில் அசிங்கமாகத் தெரியும், யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று அந்த முப்பத்தோரு வரி ரொட்டீன் முழுவதையும் நோலிஸ்ட்டில் போட்டேன். பிறகு எடுக்க வேண்டும் என்று இருந்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

மாராத்தாக்கா கதவைத் திறந்தது அந்த அரை விநாடியில். ப்ரோகிராம் பழைய பதிலையே நம்பித் தட்டை இறக்கிவிட்டது.

பிப்ரவரி 24. புதன்

நோலிஸ்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு லிஸ்டிங்கையும் அடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். லேத்காரர் இந்தத் தடவை எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தேன், அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். கடிதம் வேண்டாம், கிழித்துவிடலாம் என்றார். நாளை மறுநாள் பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டு போய்ச் சிப்பை மாற்றிவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. இன்னும் நாலு மில்லில் இந்தப் பெட்டியைக் கேட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு பேர் இங்கே வேலை செய்கிறார்கள், அவர்களையும் நினைக்க வேண்டும் என்றார். நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"மாராத்தாள்?" என்று கேட்டேன்.

"அது அவங்க மில்லு விசயமுங்க. நாம எதுக்கு உள்ள போகோணும்?"

நான் நாளைக்கு விசாரணைக்குப் போகிறேன் என்றேன். அவர் ரொம்ப நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, போவதானால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், கம்பெனி பெயரில் போக வேண்டாம் என்றார்.

லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 25. வியாழன்

பஸ்ஸில் லிஸ்டிங்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெரிய தலையணை அளவு. பக்கத்து சீட்டு அம்மா, டீச்சருங்களா, இத்தனை பேப்பரையும் திருத்தணுமா என்று பரிதாபப்பட்டார். மில் ஸ்டாப்பில் இறங்கினால் பின்வாசல் வழியாகப் பெனடிக்ட்டும் இறங்குகிறார். டீ குடிக்கப் போவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாராம். கம்பெனி இருக்கும் பீளமேட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி டீ.

விசாரணை மேனேஜர் அறையில். தேவராஜன், ஒரு கிளார்க், மாராத்தாக்கா. அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் போய் மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றேன். தேவராஜனுக்குப் பிடிக்கவில்லை. கடிதம் எங்கே என்றார். கடிதம் கிடையாது, இதைப் பார்த்துவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

பஞ்சு அறைக்கு எல்லோரும் போனோம். தட்டுக்குக் கீழே வைக்க ஏதாவது வேண்டும். பெனடிக்ட் காணாமல் போய், கேன்டீனிலிருந்து ஒரு பூசணிக்காயோடு வந்தார். சாம்பாருக்கு வைத்திருந்ததாம். உள்ளே பஞ்சின்மேல் வைத்தோம். கதவை மூடிப் பட்டனை அழுத்திவிட்டு நான் கதவைத் திறக்கப் போனேன். திறக்கவே வரவில்லை, அதற்குள் தட்டு கிளம்பி, கதவு இறுகிவிட்டது. அவசரமாகத் தட்டை நிறுத்தி மேலே ஏற்றினோம். இன்னொரு தடவை. இப்போது முதல் கேள்விக்கு முன்பே திறந்துவிட்டேன், தட்டு கிளம்பவே இல்லை. தேவராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். அரை விநாடி என்பது எழுத மூன்று வரி, பிடிக்கப் போனால் கையில் நிற்காது.

"நவுருங் அம்மிணி," என்று மாராத்தாக்கா முன்னால் வந்தார்.

மூடினார், அழுத்தினார், திறந்தார். மூன்றும் ஒரே அசைவு. கதவு அகலத் திறந்திருக்க, தட்டு இறங்கியது. பூசணி வெடித்தது. தேவராஜனின் கண்ணாடியில் இரண்டு விதை ஒட்டிக்கொண்டன. கிளார்க் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். சிரிக்க வேண்டிய காட்சிதான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தக் கூழையும், பிறகு அக்காவின் கையையும் பார்த்தோம்.

நான் லிஸ்டிங்கைப் பஞ்சு மூட்டைமேல் வைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். இந்த மூன்று வரிகள் இருந்திருந்தால் இறங்கியிருக்காது, இவற்றை எடுத்தது நான், உங்களிடம் உள்ள பைண்டில் இந்தப் பக்கம் வராமல் செய்ததும் நான் என்றேன். தேவராஜன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவருக்குப் புரிந்ததா தெரியாது. அரைப்புள்ளிகள் புரிந்திருக்கும்.

மாராத்தாக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் அம்மிணி?"

நேற்று முன்தினம் என்று சொல்லலாம். லிஸ்டிங்கிலும் நேற்றைய தேதிதான் இருக்கிறது. யாராலும் தப்பென்று காட்ட முடியாது.

"எடுத்த அன்னைக்கே தெரியும்க்கா," என்றேன். "நீங்க கொக்கியக் காட்டினப்பவும் தெரியும்."

 அக்கா மூலையிலிருந்த வாளியை எடுத்து வந்து தட்டைக் கழுவ ஆரம்பித்தார். நான் உதவப் போனேன். வாளியை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மெமோவை ரத்து செய்வதாகத் தேவராஜன் அங்கேயே சொன்னார். கிளார்க் எழுதிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் பெனடிக்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிங்காநல்லூர் தாண்டும்போது, கதவு சுவிட்சிலிருந்து நேராக ஒரு ரிலே போட்டிருக்க வேண்டும், ப்ரோகிராம் என்ன நினைத்தாலும் கதவு திறந்தால் கரண்ட் போகக் கூடாது, அதை யோசிக்காமல் விட்டது தன் தப்பு என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து அதன் பின்னால் படம் போட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்றாம் தேதி இந்த நோட்டில் 'மறந்தே போனேன்' என்று எழுதியிருக்கிறேன். அது பொய். ஒரு நாள்கூட மறக்கவில்லை.

பிப்ரவரி 26. வெள்ளி

மத்தியானம் வரை முதலாளி என் பக்கம் வரவில்லை. பிறகு வந்து நின்றார். ஆர்டர் கேட்டிருந்த நாலு மில்லில் இரண்டு பின்வாங்கிவிட்டன. தேவராஜன் தன் பெட்டியை வைத்துக்கொள்கிறார், ரிலே போட்டாக வேண்டும், லிஸ்டிங்கில் ஒரு வரிகூட விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதலாளி காலையில் வரும்போது என்னை வேலையைவிட்டு நிறுத்தும் முடிவோடுதான் வந்தாராம். "அப்புறம் யாருங்க அந்தப் புரோகிராமச் சரி பண்றது?" என்று என்னையே கேட்டார்.

அதனால் மெமோ. இந்தக் கம்பெனியின் முதல் மெமோ. இங்கே டைப் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆகவே எனக்கான மெமோவை நானே அடித்தேன். 'கடமை தவறிய செயல்' என்று அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஒற்றெழுத்து விட்டுப்போயிற்று. திருத்தவில்லை, அப்படியே கையெழுத்துக்கு வைத்தேன். அவரும் போட்டார்.

ஷகிலாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். எத்தனை மார்க் போடுவாய் என்று கேட்டேன். இது என் பாடமில்லை என்று சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்த வடையில் பாதியைக் கொடுத்தாள்.

மார்ச் 3. வியாழன்

மில். மூன்று வரியும் திரும்ப வந்த புதுச் சிப், பெனடிக்ட்டின் ரிலே. அவர் கத்தரிக்காய் வைத்து நாற்பது தடவை சோதித்தார். ஒரு கத்தரிக்காய்கூட நசுங்கவில்லை. கேன்டீன்காரர் அதையே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

மாராத்தாக்கா மறுபடி பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். புதுக் கொக்கி, புது வளையல். வேலை முடிகிறவரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சீல் வைக்கப் போகும்போதுதான் பக்கத்தில் வந்தார்.

"நா மூடி, அமுத்தி, தொறக்கறனுங். நீங்க கையை உள்ள வெய்யுங்."

நாற்பது தடவை பார்த்தாகிவிட்டது, கை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று பெனடிக்ட் குறுக்கே வந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நா பதினாலு வருசமா வெக்கறனுங்," என்றார்.

நான் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா அதைப் பார்த்தார்.

"எழுதற கைய."

பேனா பிடிக்கிற கையை நீட்டினேன். ரிலே எங்கே இருக்கிறது, எந்த ஒயர் எங்கே போகிறது, மூன்று வரிகளும் எந்த அட்ரஸில் இருக்கின்றன என்று எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒயர்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். அவர் மூடினார், அழுத்தினார், திறந்தார். நான் கையை விட்டேன். உள்ளே பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. ரிலேயின் கிளிக் கேட்டது, எங்கோ மோட்டார் முனகியது. தலைக்கு மேலே தட்டு. அரை விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

தட்டு அசையவில்லை.

கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றிருந்தேன் போலிருக்கிறது. அக்காதான் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தார். விரல்களில் ஒட்டியிருந்த பஞ்சைத் தன் முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டார். பிறகு கதவை மூடினார்.

"அஞ்சு பொதி பாக்கி கெடக்குது. தள்ளி நில்லுங் அம்மிணி, வேலையப் பாக்கோணும்."

தள்ளி நின்றேன்.